கற்றுக்குட்டிகளின் ஆட்டம்

ஊட்டிக்குப் போய்விட்டு வந்தவர்களைப் பிடித்து, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தாவரப் பூங்கா, ஏரியில் படகு சவாரி, தொட்டபெட்டா சிகரம், ரோஜாத் தோட்டம் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். வர்க்கியும் சாக்லெட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கி வந்த கணக்கைத் தனியாகச் சொல்வார்கள். ஆனால், பல தேசங்களில் ஜனங்கள் இராக் கண் விழித்துத் தொலைக்காட்சியில் பார்க்கிற ஓர் ஆட்டத்துக்கு இந்த மலையில்தான் சட்டம் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள் என்ற சமாசாரத்தைச் சொல்கிறவர்கள் மிகச் சிலரே.

அந்த ஆட்டத்துக்குப் பெயர் ஸ்நூக்கர். 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள மேஜை. அதன் மேல் பச்சைக் கம்பளித் துணி. நான்கு மூலைகளிலும் நீளப் பக்கங்களின் நடுவிலுமாக ஆறு பாக்கெட்டுகள். மொத்தம் 22 பந்துகள். அவற்றில் கோலால் குத்தக் கூடியது வெள்ளைப் பந்து ஒன்றைத்தான். அது போய் மற்றொரு பந்தை முட்டி, முட்டுப்பட்ட பந்து பாக்கெட்டில் விழவேண்டும். ஒரு சிவப்பு, பிறகு ஒரு வர்ணப் பந்து, மறுபடி ஒரு சிவப்பு என்று வரிசை. சிவப்புக்கு 1 புள்ளி, கறுப்புக்கு 7. இவ்வளவுதான் ஆட்டம். 'பூ, இவ்வளவுதானா?' என்று கோலைக் கையில் எடுத்தவர்களுக்குத்தான் இதிலுள்ள கஷ்டம் தெரியும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறினால் உதகமண்டலம் 46 கிலோமீட்டர். இந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று ஆரம்பமாகிறது. எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறுகிறது. 16 குகைகள், 208 வளைவுகள். நேராகப் போவது என்றால் என்னவென்றே அந்த ரயிலுக்குத் தெரியாது. இப்படி வளைந்து வளைந்து ஏறி வந்த ஊரில், ஒரு நேர்கோட்டைப் பற்றிப் பாடம் கேட்கப் போகிறோம் என்பது வேடிக்கைதான்.

சுவரில் ஒட்டிய சட்டம்

கடைத்தெருவின் இரைச்சலை விட்டு மேட்டில் ஏறினால், தூண்கள் வைத்த வெள்ளைக் கட்டடம் ஒன்று மரங்களுக்கு இடையே தெரியும். அதுதான் ஊட்டி கிளப். ஸர் வில்லியம் ரம்போல்ட் என்ற ஆங்கிலேயர் 1830-களின் ஆரம்பத்தில் ஹோட்டலாகக் கட்டியது. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கெல்லாம் அது கிளப்பாகிவிட்டது. இன்றும் அது அங்கத்தினர்களுக்கான தனிப்பட்ட கிளப். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிற இடமல்ல. வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதில் பெரிய நஷ்டமில்லை. கதை வெளியிலும் கிடைக்கிறது.

கதாநாயகரின் பெயர் நெவில் சேம்பர்லின். ஹிட்லரோடு சமாதானம் பேசிவிட்டுக் குடையும் கையுமாகத் திரும்பினாரே, அந்தப் பிரதம மந்திரி அல்ல. இவர் வேறு, பட்டாளத்துக்காரர். 1875-ல் ஜபல்பூரில் டெவன்ஷயர் ரெஜிமெண்டில் இளம் அதிகாரியாக இருந்தார். வயது பத்தொன்பது. மழைக் காலம், வெளியே இறங்க முடியாது. அதிகாரிகளின் விடுதியிலிருந்த பில்லியர்ட்ஸ் மேஜைதான் துணை. 'பிளாக் பூல்' என்ற பந்தய ஆட்டத்தை ஆடி அலுத்துப்போன சேம்பர்லின், அதில் இன்னும் சில வர்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். ஆட்டம் சூடு பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் அங்கே விருந்தாளியாக வந்த ஓர் அதிகாரி பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். இங்கிலாந்தில் உல்விச் ராணுவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவர்களை 'ஸ்நூக்கர்' என்று கேலி செய்வது வழக்கமாம். நம் பாஷையில் சொன்னால் 'கற்றுக்குட்டி'. சற்று நேரத்துக்கெல்லாம், பாக்கெட்டின் வாயிலேயே நின்ற ஒரு பந்தை ஆட்டக்காரர் ஒருவர் தவறவிட்டார். சேம்பர்லின் அவரை 'ஸ்நூக்கர்' என்று அழைத்துவிட்டார். அந்த மனிதர் முகம் சுருங்குவதைப் பார்த்ததும், 'இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தாம்' என்று சமாதானமும் சொன்னாராம். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சேம்பர்லினே முதுமைக் காலத்தில் சொன்ன கதை இது. ஜபல்பூரில் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் தாமே என்று 1938-ல் 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார்.

ஜபல்பூரில் பிறந்த குழந்தை ஊட்டியில்தான் வளர்ந்தது. ஆப்கானிஸ்தான் யுத்தத்தில் காயம்பட்ட சேம்பர்லின், பிறகு சென்னைப் படைக்குத் தளபதியாக வந்த ஜெனரல் ராபர்ட்ஸுடன் இருந்தார். வெயில் காலம் வந்தால் தளபதியின் பரிவாரம் நீலகிரிக்கு ஏறிவிடும். மாலை வேளைகளில் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்நூக்கர் நடக்கும். ஆளுக்கொரு விதமாக ஆடிக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்தி, 1882-ல் விதிகளை எழுதி அந்த அறையின் சுவரில் ஒட்டினார்கள். 1885-ல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தாவுக்கு வந்தபோது, கூச்பிஹார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்தார். ஆட்டம் கப்பலேறியது.

கதை இதோடு முடியட்டும். ஆனால் அதில் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. பாக்கெட்டின் வாயிலே நின்ற பந்தை அந்த ஜபல்பூர் அதிகாரி எப்படித் தவறவிட்டார்? கண் தெரியாதவரா? கை விளங்காதவரா? இரண்டும் இல்லை. பின்னே ஏன்?

மாடியில் இரண்டு மேஜை

இந்தக் கேள்விக்குப் பதில் கேட்கக் கிளப்புக்குள் போக வேண்டியதில்லை. மெயின் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், ஸ்வெட்டர் கடைக்கு மேலே, மரப் படி ஏறிப் போனால் ஓர் ஆட்டக்கூடம் இருக்கிறது. இரண்டே மேஜைகள். மணிக் கணக்கில் வாடகை. பக்கத்து டீக்கடையிலிருந்து டீயும் வர்க்கியும் வரும். ஆனால் மேஜை அருகே தம்ளரைக் கொண்டுபோகக் கூடாது. அப்படிக் கொண்டுபோனால் ஒரு பெரியவர் முறைத்துப் பார்ப்பார்.

அவர்தான் மார்க்கர். கிளப்புகளில் புள்ளிக் கணக்குப் பார்க்கிறவர், மேஜையைத் துடைக்கிறவர், பந்தை எடுத்துக் கொடுக்கிறவர், புதிதாக வருகிறவர்களுக்குக் கோல் பிடிக்கச் சொல்லித் தருகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். அந்த ஆளுக்கு மார்க்கர் என்று பெயர். இந்தப் பெரியவர் மலையிலுள்ள ஒரு கிளப்பில் நாற்பது வருஷம் மார்க்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர். இப்போது தினமும் காலையில் இங்கே வந்து மேஜைக்கு இஸ்திரி போடுகிறார்.

மேஜைக்கு இஸ்திரியா என்று வியக்க வேண்டாம். அந்தத் துணி கம்பளியில் நெய்தது. மான் தோலைத் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பும் மறுபக்கம் சொரசொரப்புமாக இருக்குமே, அதுபோல அதன் ரோமம் ஒரே திசையில் படிந்திருக்கும். ஊட்டியின் ஈரம் துணியில் இறங்கினால் பந்து மெதுவாக ஓடும். ஓரக் குஷனில் பட்டால் சரியாகத் துள்ளாது. அதனால் பிரஷ் போட்டு, ரோமம் படிந்த திசையிலேயே சூடான பெட்டியை ஓட்ட வேண்டும். பெரியவர் பெட்டியை ஓட்டுகிற அழகைப் பார்த்தால் பட்டுப் புடவைக்கு இஸ்திரி போடுகிறாரோ என்று தோன்றும்.

நான் போயிருந்த காலை வேளையில் அங்கே ஒரே ஓர் ஆட்டக்காரன்தான் இருந்தான். ஊட்டிக்கு அருகே ஒரு படக ஹட்டியைச் சேர்ந்த பையன், வயது இருபது. தகப்பனார் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறார். பையன் இந்த ஆட்டக்கூடத்திலேயே வேலை பார்த்து, ஆள் இல்லாத நேரங்களில் பழகுகிறான். பத்து நாளில் சென்னையில் மாநிலப் போட்டி. அதில் தேறினால் தேசியப் போட்டிக்கு வழி உண்டு. தேறாவிட்டால்?

"மேட்டுப்பாளையம் மண்டியிலே கணக்கெழுத ஆள் கேட்டிருக்காங்க சார். அப்பா இந்த ஒரு தடவைதான் பாப்பேன்னு சொல்லிட்டாரு" என்றான் பையன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கோடு ஒன்று, கோணம் பல

"எல்லாரும் பந்தை எங்கே அடிக்கறதுன்னுதான் கேக்கறாங்க தம்பி" என்றார் பெரியவர் என்னிடம். "அது கண்ணுக்கே தெரியும். பத்து நாள் பாத்தா எந்த மடையனுக்கும் தெரியும். தெரிஞ்ச இடத்துக்குக் கோல் போகுதான்னு ஒருத்தரும் கேக்கறதில்லே."

அவர் சொன்னதன் கணக்கு எளிதானது. வெள்ளைப் பந்து நினைத்த கோட்டிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகினால், 10 அடி தூரம் போவதற்குள் இரண்டு அங்குலத்துக்கு மேல் தள்ளிப் போய்விடும். பந்தின் குறுக்களவோ 52.5 மில்லிமீட்டர், அதுவும் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல்தான். அதாவது, ஒரு டிகிரி பிசகில் ஒரு முழுப் பந்தின் அகலம் கைவிட்டுப் போகிறது. கோலின் நுனியிலுள்ள தோல் டிப்போ ஒன்பது, பத்து மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன வட்டம், வெள்ளைப் பந்தில் நாம் நினைத்த புள்ளியை நேராகத் தொடவேண்டும். கொஞ்சம் வலமாகவோ இடமாகவோ தொட்டால் பந்து பம்பரம் போலச் சுழன்றுகொண்டு போகும். நினைத்துச் செய்தால் அது வித்தை. நினைக்காமல் நேர்ந்தால் விபத்து.

பையனுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல எனக்கும் சேர்த்துப் பாடம் நடந்தது.

முதலில் கால். பந்தை அடிக்கப் போகும் கோட்டைப் பின்னாலிருந்து நின்றுகொண்டே பார்த்து முடித்துவிட வேண்டும். பிறகு வலது காலை அந்தக் கோட்டின் மேல் வைத்து, இடது காலை முன்னும் பக்கமுமாக வைத்து, அப்படியே குனிய வேண்டும். குனிந்த பிறகு கோட்டைத் தேடினால் உடம்பு கோணிக்கொள்ளும். "கோலம் போடறவங்க புள்ளி வெச்சுட்டுத்தானே இழை இழுக்கறாங்க? இழுத்துட்டா புள்ளி வெக்கறாங்க?" என்றார் பெரியவர்.

அடுத்தது முன்கை. இடது கையை மேஜையில் ஊன்றி, விரல்களை விரித்து, கட்டை விரலைத் தூக்கினால் ஒரு பள்ளம் விழும். கோல் ஓடுகிற வாய்க்கால் அது. விரல் நுனிகள் துணியை நன்றாகப் பற்றியிருக்க வேண்டும். வாய்க்கால் அசைந்தால் தண்ணீர் எங்கே போகும்?

மூன்றாவது, கோல் உடம்பில் படும் இடங்கள். முன்கைப் பள்ளம், மோவாய், மார்பு, பின்கைப் பிடி என்று நான்கு இடங்களில் கோல் நம்மைத் தொடவேண்டும். நான்கும் ஒரே கோட்டில் அமைந்தால் கோல் விலக இடமில்லை.

நான்காவது, பிடி. இங்கேதான் பலர் கெடுகிறார்கள். உலக்கையைப் பிடிப்பதுபோல இறுக்கினால் மணிக்கட்டு திரும்பும். கோல் வளைந்து போகும். "கோழிக் குஞ்சைப் பிடிக்கறாப்பலே பிடி கண்ணு. பறந்துடவும் கூடாது, செத்துடவும் கூடாது" என்று பையனிடம் சொன்னார் பெரியவர்.

ஐந்தாவது, முழங்கை. தோளும் மேற்கையும் சிலை மாதிரி நிற்க, முழங்கைக்குக் கீழே மட்டும் கடிகாரப் பெண்டுலம்போல ஆடவேண்டும். டிப் பந்தைத் தொடுகிற தருணத்தில் முன்னங்கை நேர் செங்குத்தாகத் தொங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஒத்திகை, கடைசியாகக் கோலைப் பின்னுக்கு இழுத்தவுடன் ஒரு கண நிதானம், பிறகு குத்து. குத்து என்று சொல்வதுகூடத் தப்பு. பந்து இருந்த இடத்தைக் கோல் ஊடுருவிக்கொண்டு போகவேண்டும். அந்த நேரத்தில் கண் வெள்ளைப் பந்தின் மேல் இருக்கக் கூடாது. அது போய் முட்ட வேண்டிய பந்தின் மேல் இருக்கவேண்டும்.

"சரி, நேரே போகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது, ஐயா?" என்று கேட்டேன்.

பெரியவர் வெள்ளைப் பந்தை எடுத்துப் பழுப்புப் பந்துக்குரிய புள்ளியில் வைத்தார். மேஜையின் நடுக்கோட்டில் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என்று நான்கு பந்துகளுக்குரிய புள்ளிகளும் வரிசையாக இருக்கின்றன. மேஜையில் வேறு பந்தே இல்லாமல், வெள்ளையை மட்டும் அந்தப் புள்ளிகளின் மேலாக அனுப்பவேண்டும். எதிர்க் குஷனில் பட்டு அதே வழியில் திரும்பி வந்து, அடித்த கோலின் நுனியையே அது தொடவேண்டும். வலப் பக்கமோ இடப் பக்கமோ ஒதுங்கி வந்தால் டிப் பந்தின் நடுவில் படவில்லை, அல்லது கோல் நேராகப் போகவில்லை என்று அர்த்தம். வாத்தியார் தேவையில்லை, பந்தே மார்க் போட்டுவிடும்.

வீட்டில் மேஜை இல்லாதவர்களுக்கும் ஒரு பயிற்சி சொன்னார். காலியான பாட்டில் ஒன்றைப் படுக்க வைத்து, அதன் கழுத்துக்குள் கோலை, கண்ணாடியில் படாமல், விட்டு விட்டு எடுக்க வேண்டும். சமையலறை மேடை போதும். கண்ணாடியில் 'டிங்' என்று சத்தம் கேட்டால் கோல் கோணலாகப் போகிறது.

தலைக்கு மேல் ஒரு கை

பையன் பழுப்புப் புள்ளியிலிருந்து இருபது தடவை அடித்தான். பதினெட்டு தடவை பந்து திரும்பி வந்து கோலின் நுனியில் 'டக்' என்று நின்றது. பிறகு நீண்ட தூரத்துப் பந்துகளை மூலைப் பாக்கெட்டில் போட ஆரம்பித்தான். ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பார்க்கிற எனக்கு இவனுக்கு என்ன குறை என்றுதான் தோன்றியது.

"குறை இங்கே இல்லே சார்" என்றான் பையன். "போட்டியிலே போச்சு. போன தடவை கடைசி ஃபிரேம், கறுப்பு ஒண்ணுதான் பாக்கி. இதைவிட ஈஸியான பந்து. விட்டுட்டேன்." செல்போனில் ஒரு நண்பன் எடுத்த படத்தைக் காட்டினான். மெதுவாக ஓட்டிப் பார்த்தும் அவனுக்குக் காரணம் பிடிபடவில்லை. கோல் நேராகத்தான் போவதாகத் தெரிகிறது. பந்து பாக்கெட்டின் தாடையில் பட்டுத் தெறிக்கிறது. ஜபல்பூர் அதிகாரியின் கதைதான்.

பெரியவர் படத்தைப் பார்க்கவில்லை. பையனைக் குனியச் சொன்னார். அவன் உச்சந்தலைக்கு மேலே, மயிரிழை இடைவெளியில், தம் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

"அடி."

அடித்தான், பந்து விழுந்தது. கையில் தலை படவில்லை. மறுபடி அடித்தான், படவில்லை. ஐந்து தடவை ஆயிற்று. ஆறாவது தடவை, அவன் கோலைப் பின்னுக்கு இழுக்கப் போகும் சமயத்தில் பெரியவர் மெல்லிய குரலில் சொன்னார்:

"இது விழுந்தா சென்னை. விழலேன்னா மண்டி."

பையன் அடித்தான். பந்து தாடையில் பட்டுத் தெறித்தது. தலை கையில் இடித்தது. அந்த அறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

"பாத்தியா கண்ணு?" என்றார் பெரியவர். "கை பயப்படலே. கண்ணுதான் பயப்படுது. பந்து விழுந்துச்சா விழலியான்னு பாக்கறதுக்கு அதுக்கு அவசரம். கோல் இன்னும் பந்தை விட்டுப் போகலே, அதுக்குள்ளே நீ எந்திரிச்சுட்டே. தலை எந்திரிச்சா தோள் எந்திரிக்கும், தோள் எந்திரிச்சா முழங்கை வெளியே போகும். அப்புறம் நேர்கோடாவது, மண்ணாவது! பந்து விழற சத்தம் காதுலே கேக்கும். அதுவரைக்கும் படுத்தே கிட."

பலனை நினையாமல் செயலைச் செய் என்று கீதையில் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்னதைக் கதாகாலட்சேபங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதற்கு முழங்கையோடும் தோளோடும் இவ்வளவு நேரான சம்பந்தம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

அன்று மத்தியானம்வரை பெரியவர் கையை எடுக்கவில்லை. "சென்னை" என்றார், "மண்டி" என்றார், "அப்பா வந்திருக்காரு" என்றார். பையன் சிரித்தான், கோபித்தான், வியர்த்தான். கடைசியில் பத்துக்கு ஏழு தடவை தலை அசையாமல் நின்றது. மீதி மூன்று?

"அது எனக்கே இருக்கு" என்றார் பெரியவர்.

சொல்லிக் கொடுத்தவர்கள்

இந்த நேர்கோட்டுக்காகப் பெரிய சாம்பியன்கள் பட்ட பாடும் சாமானியமல்ல. இங்கிலாந்தில் ஜோ டேவிஸ் என்று ஒருவர் இருந்தார். உலகச் சாம்பியன் போட்டி 1927-ல் தொடங்கியது முதல் 1946 வரை அவர் ஆடிய 15 போட்டிகளிலும் அவருக்கே வெற்றி. அவருக்கு வலது கண் பார்வை மிகவும் மந்தம். அதனால் கோலை மோவாயின் நடுவில் வைக்காமல் இடது கண்ணுக்கு நேர் கீழே ஓடவிட்டு ஆடினார். எந்தக் கண் கோட்டைச் சரியாகக் காண்கிறதோ அதன் கீழே கோல் போகவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா?

அவர் எழுதிய ஆட்டப் புத்தகம் பிறகு ஒரு வீட்டில் பாடப் புத்தகமாயிற்று. லண்டனில் பில் டேவிஸ் என்ற தகப்பனார், உறவில்லாத பெயர் ஒற்றுமைதான், அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மகனுக்குக் கோல் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். அந்த மகன்தான் 1980-களில் ஆறு தடவை உலகச் சாம்பியனான ஸ்டீவ் டேவிஸ். அவனுக்குப் பின்னாளில் வாய்த்த பயிற்சியாளர் ஃபிராங்க் காலன், தொழிலால் மீன் வியாபாரி. உலகப் பட்டம் வாங்காதவர்கள்தாம் பட்டம் வாங்கியவர்களின் முழங்கையைத் திருத்தியிருக்கிறார்கள்.

அப்படித் திருத்திய கைகூட ஒரு நாள் பிசகியது. 1977 முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்துவரும் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர அரங்கத்தில், 1985-ல் இறுதி ஆட்டம். ஸ்டீவ் டேவிஸும் டென்னிஸ் டெய்லரும் 17-17. கடைசி ஃபிரேமில் கடைசிக் கறுப்புப் பந்து பாக்கி. நள்ளிரவு தாண்டிவிட்டது. பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேவிஸுக்குக் கறுப்பைப் போட வாய்ப்புக் கிடைத்தது, தவறிவிட்டது. டெய்லர் போட்டுவிட்டார். உலகத்திலேயே நேரான கோல் என்று பெயர் வாங்கியவருக்கும் அந்த ஒரு அடியில் ஜபல்பூர் அதிகாரியின் கதிதான் நேர்ந்தது.

நம் நாட்டில் இந்த மேஜைகளைத் தொட்டவர்கள் முதலில் யார்? வெள்ளைக்காரர்களின் கிளப்புகளில் நம்மவர்கள் பெரும்பாலும் மேஜை துடைத்தார்கள், கணக்குச் சொன்னார்கள். கோல் கைக்கு வரக் காலம் பிடித்தது. 1958-ல் கல்கத்தாவில் வில்ஸன் ஜோன்ஸ் அமெச்சூர் பில்லியர்ட்ஸில் உலகப் பட்டம் வென்றார். 1984-ல் டப்ளினில் ஓம் அகர்வால் அமெச்சூர் ஸ்நூக்கரில் உலகப் பட்டம் வென்றார். 2003-ல் சீனாவில் அதே பட்டத்தை வென்ற பெங்களூரின் பங்கஜ் அத்வானி, பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கருமாக இருபத்தைந்துக்கு மேற்பட்ட உலகப் பட்டங்களைக் குவித்துவிட்டார். 2025 நவம்பரில் தோஹாவில், சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் மகளிர் ஸ்நூக்கரில் உலகப் பட்டம் பெற்றார். ஊட்டிச் சுவரில் சட்டத்தை ஒட்டியவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாத பெயர்ப் பட்டியல் இது.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னபோது அவர் மேஜைக்கு உறை போர்த்திக்கொண்டிருந்தார். "நீங்கள் எந்தப் போட்டியிலாவது ஆடியிருக்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"மெம்பருங்க இருக்கும்போது மார்க்கர் கோலைத் தொடக் கூடாது தம்பி. அவங்க போனப்புறம் ஒரு விளக்கை மட்டும் போட்டுக்கிட்டு ஆடுவேன். எதிராளி கிடையாது. நாற்பது வருஷம். ஒரு தடவை 112 போட்டேன். எழுதி வெக்க ஆளில்லே." உறையின் ஓரத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். "அதனாலே என்ன? பந்துக்குத் தெரியுமில்லே?"

சென்னைப் போட்டி முடிந்த வாரம் அந்த ஆட்டக்கூடத்துக்கு டெலிபோன் செய்தேன். பையனே எடுத்தான். முதல் இரண்டு ஆட்டங்களில் ஜெயித்து, மூன்றாவதில் தோற்றுவிட்டான். தேசியப் போட்டிக்கு இந்த வருஷம் வழியில்லை. தகப்பனார் என்ன சொன்னார் என்று தயங்கிக்கொண்டே கேட்டேன். காலையில் மண்டி, மாலையில் மேஜை என்று ஓர் ஏற்பாடு பேசிக்கொண்டிருக்கிறார்களாம். மேட்டுப்பாளையத்தில் மேஜை இருக்கிறதா என்று விசாரிக்கிறானாம்.

"தாத்தா என்ன சொன்னார்?" என்றேன்.

"தோத்துட்டேன்னு சொன்னதுக்கு, 'தலையைத் தூக்கினியா?'ன்னு மட்டும் கேட்டாரு சார். 'இல்லே தாத்தா, அவன் என்னைவிட நல்லா ஆடினான்'னேன். 'அப்போ சரி'ன்னுட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு."